பிறக்கப்போகும் குழந்தையின் ஜீனை மாற்றலாமா? கூடலூரிலிருந்து ஒரு கேள்வி

கூடலூர் சிஸ்டர்
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பதினாறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். பாடி பாடியாக, அதாவது பழங்குடிக் குடியிருப்பு ஒவ்வொன்றாகப் போய் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. அரிவாள் செல் சோகை என்று போஸ்டரில் எழுதுவோம். பேச்சில் எல்லோருக்கும் அது சிக்கிள்தான்.

போன வாரம் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். கல்யாணமாகி எட்டு மாதம். இருவருமே கேரியர். அதாவது நோய் இல்லை, ஆனால் பழுதான ஜீன் ஆளுக்கு ஒன்று உள்ளே இருக்கிறது. அவனுடைய அண்ணன் மகனுக்கு நோயே இருக்கிறது. அந்தக் குழந்தையை முதலில் பார்த்த நாள் எனக்கு மறக்காது. ஒன்பது மாதக் குழந்தை, ஆடி மழையில் அம்மா இடுப்பில் வந்தது. இரண்டு கையும் உப்பி, விரல் ஒவ்வொன்றும் தோல் இழுபட்டுப் பளபளவென்று இருந்தது. தொட்டால் வீறிட்டது. தொடாமல் விட்டாலும் அழுதது. வெதுவெதுப்பான துணியைச் சுற்றிச் சுற்றி அன்று ராத்திரி முழுக்க நானும் அந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். இந்தப் பெண்ணும் அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தான்.

அவள் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். சீனாவில் குழந்தை உருவாகும்போதே ஜீனை மாற்றினார்கள் என்று. "சிஸ்டர், எங்க பிள்ளைக்கும் அந்த மாதிரி எடுத்துட முடியுமா?" என்று கேட்டாள். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது அவன் மெதுவாகக் கேட்டான். "எடுக்கறப்பவே கொஞ்சம் கலரும் சேத்துக் குடுப்பாங்களா சிஸ்டர்?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பள்ளியில் அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள், நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்று அவன் முன்பே சொல்லியிருக்கிறான். தன் பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்று நினைக்கிறான்.

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு வாய் வரவில்லை. இரண்டும் ஒரே மூச்சில், ஒரே பாசத்தில் வந்த கேள்விகள். ஒன்றுக்குச் சரி என்றும் இன்னொன்றுக்குக் கூடாது என்றும் எதை வைத்துச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


குன்னூர் நர்சரி
ஞாயிறு, இரவு 10.25

சிஸ்டர், நான் தேயிலை நர்சரி வைத்திருக்கிறேன். என் பிழைப்பே தேர்ந்தெடுப்பதுதான். நல்ல தாய்ச்செடியைப் பார்த்து வைத்து, ஓர் இலை ஒரு கணுவோடு துண்டு வெட்டி, மண் நிரப்பிய பையில் செருகி, பந்தல் நிழலில் வளர்த்து நடுவதற்குக் கொடுப்பேன். பாண்டியன், சுந்தரம் என்று தோட்டக்காரர்கள் சங்கமான உபாசி பெயர் வைத்த ரகங்கள், இலங்கையிலிருந்து வந்த டிஆர்ஐ 2025, எது யாருடைய நிலத்துக்குச் சரி என்று எனக்குத் தெரியும். தாய்ச்செடி எப்படியோ பிள்ளைச்செடியும் அப்படியே. இதனால் சிறு விவசாயி நாலு காசு கூடப் பார்த்திருக்கிறான்.

மனுஷனுக்கு மட்டும் ஏன் கூடாது? மகனுக்குப் பெண் பார்க்கும்போது குடும்பத்தில் என்ன நோய், பெண் எவ்வளவு உயரம், என்ன படிப்பு என்று பார்க்கிறோம். பிள்ளை பிறந்ததும் ஊட்டியில் நல்ல பள்ளிக்கூடம் தேடுகிறோம். பன்னிரண்டாவது முடித்தால் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறோம். அதெல்லாம் பாசம். அதே பாசத்தில் ஜீனைச் சரிசெய்தால் பாவமா? ஆபத்து இல்லாமல் செய்ய முடியும் என்று ஒரு நாள் வந்துவிட்டால், வேண்டாம் என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தத் தம்பி கேட்டதில் என்ன தவறு?


பண்ணைக்காடு வாத்தியார்
திங்கள், காலை 6.50

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடம் உயிரியல் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன். நியாயம் பேசுவதற்கு முன், எது முடியும் எது முடியாது என்று பார்த்துவிடலாம்.

சிக்கிள் செல் ஒரே ஓர் எழுத்துப் பிழை. ஹீமோகுளோபின் செய்யும் ஜீனில் ஓர் இடத்தில் ஏ என்ற எழுத்துக்குப் பதில் டி விழுந்திருக்கிறது. அதனால் குளூட்டாமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் வேலின் வந்துவிடுகிறது. ஆக்சிஜன் இறங்கினால் அந்த ஹீமோகுளோபின் கம்பி கம்பியாகக் கோத்துக்கொண்டு, வட்டத் தட்டு போன்ற ரத்தச் சிவப்பணுவை அரிவாளாக வளைக்கிறது. வளைந்த அணு மெல்லிய ரத்தக் குழாயில் அடைத்துக்கொள்ளும். சிஸ்டர் பார்த்த கை வீக்கம் அதுதான்.

ஜீனை வெட்டித் திருத்த கிரிஸ்பர் என்ற கருவி 2012ல் வந்தது. அதற்காக டவுட்னா, ஷார்பான்டியே என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020ல் நோபல் கொடுத்தார்கள். அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம், இங்கேதான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, பிறந்து வளர்ந்த நோயாளியின் உடம்பில் திருத்துவது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் சிக்கிள் செல்லுக்கு அனுமதித்த காஸ்ஜெவி என்ற சிகிச்சை அந்த வகை. நோயாளியின் ரத்த மூல அணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி, கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கவைத்துத் திரும்ப ஏற்றுகிறார்கள். மாற்றம் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் நம் பணத்துக்குப் பதினெட்டு கோடி. நம் நாட்டிலும் டெல்லியில் உள்ள ஐஜிஐபி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பிர்சா 101 என்று குறைந்த செலவில் ஒன்றை உருவாக்கி 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, கருவிலேயே திருத்துவது. அந்தப் பெண் வீடியோவில் பார்த்தது இதை. 2018 நவம்பரில் ஹ ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி இரட்டைப் பெண் குழந்தைகளை இப்படிப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். எச்ஐவி தொற்றாமல் இருக்க சிசிஆர்5 என்ற ஜீனை வெட்டினார். அப்பாவுக்கு எச்ஐவி இருந்தது, அதுதான் காரணம் என்றார். ஆனால் அப்பாவிடமிருந்து குழந்தைக்கு வராமல் விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் முறை அதற்கு எத்தனையோ வருடம் முன்பே வந்துவிட்டது. வெட்டும் சரியாக விழவில்லை. ஒரு குழந்தைக்கு இரண்டு பிரதியிலும், இன்னொன்றுக்கு ஒரு பிரதியில் மட்டும். 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்று வருடச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது பள்ளிக்கூட வயது. உடம்பில் ஓடும் அந்த மாற்றத்தை இனி யாரும் திரும்ப எடுக்க முடியாது.


கூடலூர் சிஸ்டர்
திங்கள், காலை 7.15

சார், அப்படியானால் என்னிடம் வந்த ஜோடிக்கு கருவில் ஜீனை வெட்டவேண்டிய தேவையே இல்லையா?


பண்ணைக்காடு வாத்தியார்
திங்கள், காலை 7.40

இல்லைம்மா. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பாதி வாய்ப்பு கேரியர், மீதி நாலில் ஒரு பங்கு சுத்தமாக எதுவும் இல்லை. ஆக நாலில் மூன்று பங்கு அவர்களுக்கு நோயில்லாத குழந்தைதான் பிறக்கும். சோதனைக் குழாயில் கரு உண்டாக்கினால், நோயில்லாத கருவை முன்பே பார்த்து வைக்கலாம். எதையும் வெட்ட வேண்டாம். அம்மா அப்பா இருவருக்குமே நோய் இருந்து, தங்கள் ரத்தத்திலேயே பிள்ளை வேண்டும் என்றால் மட்டும்தான் வெட்டாமல் வழியில்லை. அப்படிப்பட்ட ஜோடிகள் மிக மிகக் குறைவு.

நான் பல வருடமாக யோசித்து வந்து நிற்கும் இடம் இதுதான். கருவைத் திருத்தும் கதவை நோய்க்காகத் திறக்கிறோம் என்று சொல்வார்கள். நோயாளிக்கு அந்தக் கதவு பெரும்பாலும் தேவைப்படாது. அப்புறம் அதில் நுழையக் காத்திருப்பது எது? நிறம், உயரம், புத்தி.


கோத்தகிரி, சட்டம் மூன்றாம் ஆண்டு
திங்கள், மதியம் 1.05

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் எழுதுகிறேன். சோதனைக் குழாய்க் கருவைப் பரிசோதிக்க 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே தெரிந்த பரம்பரை நோய்களுக்கு மட்டும். அதற்கு முன்பே, 1994ன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தில் எந்தெந்த நோய்க்குப் பார்க்கலாம் என்று பட்டியல் இருக்கிறது. ஹீமோகுளோபின் கோளாறுகள் அதில் உண்டு. எனவே அந்த ஜோடி சிக்கிள் செல்லுக்குப் பார்ப்பது சட்டப்படி சரி. கருவின் ஜீனைத் திருத்திக் கர்ப்பத்தில் வைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிமுறை தடுக்கிறது. ஆனால் அது நெறிமுறை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை.

குன்னூர் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "தேர்ந்தெடுப்பதில் என்ன பாவம்" என்று கேட்டீர்கள். எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் சுவரில் ஒரு போர்டு இருக்கும், "இங்கு கருவின் பாலினம் கண்டறிந்து சொல்லப்படமாட்டாது" என்று. அந்த போர்டை அங்கே மாட்டவைத்தது நாம் தேர்ந்தெடுத்த லட்சணம்தான். ஸ்கேன் வருவதற்கு முன் கள்ளிப்பால். சேலத்தில் 1992ல் அரசாங்கமே தொட்டில் வைத்து, "கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள்" என்று கெஞ்சியது. அப்படி ஒரு திட்டம் தேவைப்பட்ட மாநிலம் இது. ஸ்கேன் மெஷின் கருவில் இருக்கும் கோளாறைப் பார்ப்பதற்காக வந்தது. நம் கைக்கு வந்ததும் பெண்ணை விலக்கும் கருவியாகிவிட்டது. எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். ஸ்கேன் எடுக்கக் காசில்லாததால் நான் பிறந்தேன் என்று என் பாட்டி சாதாரணமாகச் சொல்லுவாள். அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான்.


ஊட்டி அம்மா
திங்கள், இரவு 11.30

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே என் பெயர் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

எனக்குக் குழந்தை நிற்கவில்லை. கீழே ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சோதனைக் குழாய்க் கரு வைத்துத் தோற்று, மூன்றாவது முறை தானமாகக் கிடைக்கும் கருமுட்டை வேண்டும் என்றார்கள். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஒரு படிவம் நிரப்பினார்கள். கொடுப்பவரின் ரத்த குரூப், உயரம், படிப்பு. அடுத்த வரி நிறம். சிவப்பு, மாநிறம், கருப்பு என்று மூன்று கட்டம். அந்தப் பெண் பேனாவை முதல் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சிவப்புன்னே போட்டுடறேன் மேடம், எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க" என்றாள். நானும் என் கணவரும் கருப்பு. அவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன்.

பேனா டிக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் அம்மாவை, என்னை, அவரை, எங்கள் வீட்டில் இதுவரை பிறந்த எல்லோரையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போது அது உறைக்கவில்லை. குழந்தை வந்தால் போதும் என்றிருந்தேன்.

மகள் பிறந்தாள். அச்சு அசல் என் மாமியார் நிறம், மாமியார் மூக்கு. இப்போது ஆறு வயது. கர்ப்பத்தில் எனக்குத் தினமும் குங்குமப்பூ போட்டுப் பால் கொடுத்தவர்கள், குழந்தையைப் பார்த்ததும் முதலில் சொன்னது "பரவாயில்லை, களையா இருக்கா" என்று.

கூடலூர் சிஸ்டர், அந்தத் தம்பியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். அன்று ஜீனையே மாற்றிக் கொடுக்கிறோம், நிறத்துக்குத் தனிக் கட்டணம் என்று சொல்லியிருந்தால், நகையை அடகு வைத்தாவது கட்டியிருப்பேன். சொந்த புத்தியில் யோசித்துத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்திருப்பேன். தேர்ந்தெடுத்தது நான் இல்லை, ஊர்.


பண்ணைக்காடு வாத்தியார்
செவ்வாய், காலை 6.30

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று எழுத நினைத்து விட்டுப்போன ஒன்று இதோடு சேர்கிறது. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 54 லட்சம் பேரின் தரவை வைத்து 2022ல் வந்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள 12,111 இடங்களைக் கண்டுபிடித்தது. பன்னிரண்டாயிரம் இடத்தில் கை வைத்து யாராலும் கருவைத் திருத்த முடியாது. புத்தி என்பது அதைவிடச் சிக்கல். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் கருக்களுக்கு மதிப்பெண் போட்டு, இது உயரமாக வரலாம், இது புத்திசாலியாக வரலாம் என்று இப்போதே விற்கின்றன. அது வாய்ப்புக் கணக்கு, வாக்குறுதி கிடையாது.

ஆனால் நிறம் அப்படி இல்லை. அதிலும் பல ஜீன்கள் உண்டு. இருந்தாலும் எஸ்எல்சி24ஏ5 என்ற ஒரே ஜீனில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றம், தெற்காசியர்களின் நிற வேறுபாட்டில் கணிசமான பங்கு வகிக்கிறது. எனக்கு இதில்தான் பயம். உயரமும் புத்தியும் கைக்கு எட்டாமல் இருக்கும்போது, சமூகம் எதை வைத்து ஆட்களைக் கடைசி பெஞ்சில் உட்காரவைக்கிறதோ அதுதான் விஞ்ஞானத்துக்கு ஓரளவு எட்டும் தூரத்தில் இருக்கிறது.


மழை வந்தால்
செவ்வாய், மதியம் 3.20

பந்தலூர்ப் பக்கம். இருபத்தேழு வயது. எனக்கு அந்த நோய் இருக்கிறது, கேரியர் இல்லை, நோயே. எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் நானும் எழுதுகிறேன். என் தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாங்கள் பேசுவது வேறு.

வலி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். முதலில் தொடை எலும்புக்குள் ஏதோ சூடாகும். ஒரு மணி நேரத்தில் எலும்பை உள்ளேயிருந்து யாரோ திருகுகிற மாதிரி ஆகும். அது நாலு நாள், ஐந்து நாள் இருக்கும். மழைக்காலத்தில் அதிகம். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தினமும் சாப்பிட ஆரம்பித்த பிறகு வருடத்துக்கு ஆறு தடவை வந்தது ஒன்று, இரண்டாகக் குறைந்திருக்கிறது. அதனால் என்னை யாராவது கூப்பிட்டு, உன் ரத்தத்தை எடுத்துத் திருத்தித் தருகிறோம் என்றால் இன்றைக்கே கிளம்பிவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேட்கும் வாய் எனக்கு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் வாயும் இருக்கிறது.

கருவுக்கு அந்த வாய் இல்லை. இன்னும் பிறக்காத பேரன் பேத்திக்கும் இல்லை.

இன்னொரு விஷயம். இந்த ஜீனைக் கெட்ட ஜீன் என்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. இந்தப் பக்கமும் வயநாட்டிலும் அந்தக் காலத்தில் மலேரியா ஊரைக் காலி பண்ணியது. வெளியிலிருந்து வந்தவர்கள் காட்டுக்குள் தங்கவே பயந்தார்கள். இந்த ஜீன் ஒன்று மட்டும் இருந்தால் அந்த மலேரியா பெரும்பாலும் ஆளைக் கொல்லும் அளவுக்குப் போகாது. என் பாட்டியின் பாட்டி பிழைத்ததில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும். இரண்டு சேர்ந்ததால் எனக்கு வலி. ஒரு நூறு வருடத்தில் எது நல்லது, எது கெட்டது என்பதே மாறிவிட்டது. இன்று நீங்கள் வேண்டாம் என்று வெட்டி எறிவது நாளைக்கு யாருக்குத் தேவைப்படும் என்று எப்படித் தெரியும்?

1952ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு பேர் எழுதினார்கள், நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் இருக்கிறது என்று. இந்தியாவில் முதன்முதலாக இங்கேதான் கண்டுபிடித்தது. எங்கள் ஆட்களின் ரத்தத்தை வைத்துத்தான். நாடு முழுக்க ஒழிப்புத் திட்டம் என்று மத்திய அரசு தொடங்கியது 2023 ஜூலையில். இடையில் எழுபத்தொரு வருடம். அந்த இடைவெளியில் இங்கே மலையில் இருக்கும் சில பேர் தங்கள் பாட்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள், அவர்களால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். எனக்கு இந்த நோய் இருக்கிறது என்று எழுதிய ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு வீட்டில் பெண் பார்த்தோம், கார்டைப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். அந்தப் பெண் கேரியர்கூட இல்லை. நோயுள்ள பிள்ளை பிறக்க வழியே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அந்தத் தம்பியின் கலர் கேள்வி பற்றி. நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவன். தம்பியிடம் சொல்லுங்கள் சிஸ்டர், பிள்ளைக்குக் கலர் மாற்றினால் பள்ளிக்கூடத்தில் அந்த பெஞ்ச் அப்படியேதான் இருக்கும், அதில் வேறொருவர் பிள்ளை உட்காரும். அவ்வளவுதான்.


பண்ணைக்காடு வாத்தியார்
செவ்வாய், மாலை 5.10

தம்பி, உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை.

கார்டு விஷயத்துக்கு ஒன்று. சிக்கிள் செல் ஹீமோகுளோபினில் உள்ள பழுது என்று 1949ல் கண்டறிந்தவர் லைனஸ் பாலிங். இரண்டு நோபல் பெற்ற மேதை. அவரே 1968ல், இந்த ஜீன் உள்ள இளைஞர்கள் ஒருவரையொருவர் கண்டு ஒதுங்கிக்கொள்ள வசதியாக, நெற்றியில் பச்சை குத்த வேண்டும் என்று எழுதினார். நோயைக் குறைக்கும் நல்ல எண்ணத்தில்தான். பெரிய படிப்பும் நல்ல எண்ணமும் சேர்ந்துகூட ஒருவனை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.


குன்னூர் நர்சரி
செவ்வாய், இரவு 9.45

மழை வந்தால் தம்பிக்கு வணக்கம். நான் எழுதியதை மறுபடி படித்தேன்.

தேயிலையை உதாரணம் சொன்னேன், அதிலேயே சொல்கிறேன். என் தாத்தா நட்டது விதைச்செடி. ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒன்று இலை பெரிசு, ஒன்று சிறிசு, பறிக்கிறவர்களுக்கு எரிச்சல். அப்பா காலத்தில் பாதியைப் பிடுங்கிவிட்டுத் துண்டுச்செடி நட்டோம். மகசூல் கூடியது, உண்மைதான். ஆனால் விதைச்செடிக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். துண்டுச்செடிக்கு ஆணிவேர் கிடையாது. கடும் வறட்சி வந்த வருடம் துண்டுச்செடிப் பக்கம் வாடி நின்றது, தாத்தாவின் செடிகள் பச்சையாக நின்றன. கொப்புள நோய் வந்தாலும் ஒரே ரகம் என்றால் ஒரு மூலையில் பிடித்தது மறு மூலை வரை போகும். அதனால் இப்போது யார் கேட்டாலும் இரண்டு மூன்று ரகம் கலந்து நடச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

இன்னொன்று. நர்சரியில் சரியில்லாத செடியை நான் பிடுங்கிக் குப்பையில் போடுவேன். நூறு பை வைத்தால் பத்து, பதினைந்து போகும். அதுவும் என் தொழிலில் ஒரு பகுதி. நான் முதலில் எழுதும்போது அதை நினைக்கவே இல்லை.

ஆனாலும் முழுதாக விட்டுக்கொடுக்க மனமில்லை. கணவன் மனைவி இருவருக்குமே நோய் என்று வாத்தியார் சொன்னாரே, அப்படி ஒரு ஜோடி வந்து நின்றால், கூடாது என்று சொல்ல நாம் யார்? அவர்களுக்கு மட்டுமாவது அந்தக் கதவு இருக்க வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகு.


அருவங்காடு அப்பா
செவ்வாய், இரவு 10.30

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பன்னிரண்டு வயது. 2019ல் ரஷ்யாவில் ரெப்ரிகோவ் என்ற விஞ்ஞானி, காது கேளாத தம்பதிகளுக்குக் கேட்கும் குழந்தை பிறக்கக் கருவிலேயே ஜீனைத் திருத்தப்போகிறேன் என்று அறிவித்தார். இந்த இழையைப் படித்ததும் அது நினைவுக்கு வந்து மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் என் உதட்டைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சைகையில் சொன்னேன். "அப்போ அவங்களுக்கு அம்மா அப்பாவோட பேசத் தெரியாதே" என்றாள். கேட்கும் குழந்தையும் சைகை கற்றுக்கொள்ளும் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் வகுப்பில் ஒரு டீச்சருக்காவது சைகை தெரிந்தால் போதும் என்றாள்.

நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.


பண்ணைக்காடு வாத்தியார்
புதன், காலை 6.15

குன்னூர் ஐயா கேட்டது நேர்மையான கேள்வி. இருவருக்கும் நோயுள்ள அந்த ஜோடியை நானும் மறக்கவில்லை. மனித ஜீன் திருத்தம் பற்றி 2023 மார்ச்சில் லண்டனில் கூடிய மூன்றாவது உலக மாநாடு, பரம்பரைக்குப் போகும் ஜீன் திருத்தம் இப்போதைக்கு ஏற்கத்தக்கது இல்லை என்று சொன்னது. "இப்போதைக்கு" என்ற சொல்லை நான் மதிக்கிறேன். என்றைக்கும் கூடாது என்று சொல்ல எனக்கும் துணிவில்லை.

ஆனால் நான் வாழும் மலையைப் பார்த்துத்தான் பேச முடியும். என் வீட்டுக்கு மேலே நின்று பார்த்தால் தெரிவதெல்லாம் சீகை மரம், வாட்டில் என்பார்களே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் அப்படித்தான். கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, குளிரில் விறகில்லாத ஊருக்கு விறகு தேடினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நாமே நட்டோம். இன்று புல்வெளியும் சோலையும் இருந்த இடத்தில் சீகை. வனத்துறை வெட்டுகிறது, நீதிமன்றம் வெட்டச் சொல்கிறது. வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே விதை முளைக்கிறது. மண்ணுக்குள் எத்தனை வருட விதை கிடக்கிறதோ. போன வாரம்கூட வேலியோரம் குனிந்து பிடுங்கினேன், விரல் நீள நாற்று, சாண் நீளத்துக்கு வேர்.

காஸ்ஜெவி போன்ற வைத்தியம் ஒரு தொட்டியில் வைத்த செடி. தவறினால் அந்தத் தொட்டியோடு போகும். கருவில் செய்வது மலையில் விதை தூவுவது. 2025ல் பிலடெல்பியாவில் ஒரு வயதுகூட நிறையாத குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையின் பிழைக்கென்றே மருந்து செய்து கல்லீரலில் ஜீனைத் திருத்தினார்கள். அந்தப் பாதை இவ்வளவு வேகமாகத் திறந்துகொண்டிருக்கும்போது, திரும்ப எடுக்க முடியாத பாதைக்கு இத்தனை அவசரம் ஏன்?


கூடலூர் சிஸ்டர்
வியாழன், இரவு 8.50

இன்று அவர்கள் இருவரும் மறுபடி வந்தார்கள்.

வாத்தியார் சொன்ன நாலில் ஒரு கணக்கை நாலு மாத்திரைப் பட்டையை மேசையில் வைத்துக் காட்டினேன். ஒன்றைத் தனியாகத் தள்ளி வைத்தேன். அவள் மீதி மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். சோதனைக் குழாய் முறை பற்றிச் சொன்னேன், லட்சக்கணக்கில் ஆகும், கோயம்புத்தூர் போய் வரவேண்டும் என்றதும் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கர்ப்பமான பிறகு பத்து, பன்னிரண்டு வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றியும் சொன்னேன். பார்ப்பதா வேண்டாமா, பார்த்தால் என்ன செய்வது என்பது அவர்கள் முடிவு, நான் எந்தப் பக்கமும் தள்ளமாட்டேன் என்றேன்.

மழை வந்தால் தம்பி எழுதியதைப் போனில் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பெஞ்ச் பற்றிய வரி வந்ததும் போனைத் தன் கையில் வாங்கி அவனே ஒரு தடவை படித்தான். எதுவும் சொல்லவில்லை. "இவரு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டான்.

கிளம்பும்போது அவள் வாசலில் நின்று கேட்டாள். "ஒருவேளை நோயோட பொறந்துட்டா, மாத்திரை மாசாமாசம் வந்துடுமா சிஸ்டர்?"

போன மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பதினொரு நாள் மாத்திரை வரவில்லை. அந்தப் பதினொரு நாளில் மூன்று பேர் வலியோடு வந்தார்கள். அது அவளுக்கும் தெரியும்.

வரும் என்று சொன்னேன். அவர்கள் போனதும் ஸ்டோர் ரூமைத் திறந்து எண்ணினேன். முப்பத்தெட்டுப் பட்டை இருக்கிறது. ஆனி முடிவதற்குள் இன்னும் நூறாவது வேண்டும். நாளைக் காலை முதல் வேலையாக எழுதி அனுப்புகிறேன்.